ஜன்னல் நாற்காலி

"கண்ணத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. மூஞ்சில போட்ட பேக் விரிசல் விட்டுரும்" என்றாள் பார்லர்க்காரி.

ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் தலையை மட்டும் அசைத்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை பச்சைக் களிமண் பூச்சு, கண்களின் மேல் இரண்டு வெள்ளரி வட்டம், தலையில் துண்டு.

பார்லர்க்காரிக்குக் கை பரபரத்தது. நான்கு நாளாகக் கடைக்குள் ஒரு ஈ காக்கா வரவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது, மீதிப் பேருக்குப் பாதிச் சம்பளம். பெண்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தாங்களே முடி வெட்டிக்கொண்டார்கள். புருவத்தை அது பாட்டுக்கு வளர விட்டார்கள். வேலைக்கு இருந்த இரண்டு பெண்களையும் போன மாதம் அழுதுகொண்டே அனுப்பியாகிவிட்டது. கடையை வைத்துக்கொள்வதா காலி செய்வதா என்று இன்று சாயங்காலத்துக்குள் கட்டட உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். காலி செய்துவிடு என்றுதான் கணவன் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

பத்தரை மணிக்குக் கதவு திறந்தது. பக்கத்துத் தெரு டீச்சர். ஜன்னலில் ஆள் தெரிந்ததாம், கடை ஓடுகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். புருவம் மட்டும் போதும் என்று உட்கார்ந்தவர், கண்ணாடியில் தன்னைப் பார்த்த மாத்திரத்தில் முடியையும் சேர்த்து வெட்டிவிடச் சொன்னார்.

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்லர்க்காரி வேலையை ஆரம்பித்தாள். ஒரு புருவம் முடிவதற்குள் தையல்கடை அக்கா உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே மருந்துக்கடைப் பெண். நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது இந்தக் கதவைத் திரும்பியும் பார்க்காமல் போனவர்கள்தான் எல்லாரும். பார்லர்க்காரிக்கு ஒரே குஷி, அதை மறைக்கவும் தெரியவில்லை.

"முதல்ல எதிர்க்கடைக்குத்தான் போனேன்" என்றார் டீச்சர். "மத்தியானம் திறக்கும்னு அட்டை தொங்குது. நல்லதாப் போச்சு. அந்தம்மாவுக்குக் கை ரொம்பக் கனம். போன தடவ பாதிப் புருவத்தோடதான் வீட்டுக்குப் போனேன்."

எதிர்க்கடைக்காரிக்கும் இவளுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஒருத்தி விலையைக் குறைத்தால் மறுநாளே மற்றவள் அதைவிடக் குறைப்பாள். இரண்டு வருடமாக இருவரும் பேசிக்கொண்டதைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பார்லர்க்காரி நூலைப் பல்லிலிருந்து விட்டாள்.

"கை கனம் மட்டுமா? அவ சாயம் போட்டா தலையில ஒட்டாது, தலகாணியிலதான் ஒட்டும்."

கடை முழுக்கச் சிரிப்பு. ஜன்னல் நாற்காலியில் இருந்தவளின் விரல்கள் கைப்பிடியை இறுகப் பிடித்தன. கன்னத்தில் களிமண் கீறல் விட்டது.

"மேடம், சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனில்ல?" பார்லர்க்காரி ஓடிப்போய் அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசினாள்.

இவ்வளவு நேரம் ஒரு பேக்கா என்று மருந்துக்கடைப் பெண் ஆச்சரியப்பட்டாள். இது மூன்று பூச்சுப் பேக், பொறுமைசாலிகளுக்கு மட்டும்தான் பலன் தரும் என்று பார்லர்க்காரி அடித்துவிட்டாள். அப்படியானால் சனிக்கிழமை தனக்கும் ஒன்று என்று அந்தப் பெண் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு மணிக்குள் ஏழு பேர். ஒருத்தி உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தாள். தரையெல்லாம் முடி. பெருக்கக்கூட நேரமில்லாததில் பார்லர்க்காரிக்கு அப்படி ஒரு சந்தோஷம். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே போனை எடுத்துக் கட்டட உரிமையாளரைக் கூப்பிட்டாள்.

"நான் கடைய விடலைங்க. வேற ஆள் பாக்க வேணாம்" என்றாள். அடுத்து கணவனைக் கூப்பிட்டு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

கடைசி ஆளும் போனாள். அதற்குள் ஜன்னல் நாற்காலிப் பெண்ணும் முகம் கழுவிக்கொண்டு பின்கதவு வழியாகக் கிளம்பியிருந்தாள். அவளிடம் காசு ஏதும் வாங்கவில்லை.

பார்லர்க்காரி கடையைப் பூட்டினாள். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிப்போய் எதிர்க்கடையின் பின்கதவை மெல்லத் தட்டினாள்.

கதவைத் திறந்த எதிர்க்கடைக்காரியின் காதோரத்தில் பச்சைக் களிமண் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"வந்து ஜன்னல் பக்கமா உக்காரு" என்றாள் அவள், கிண்ணத்தில் பேக்கைக் குழைத்தபடி. "உனக்கும் மூணு பூச்சு. இனிமே நான் பேசுவேன், நீ வாயத் திறக்காமக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."