எனக்கு ஆர் வராது

“மீன் வரல எழிலு!” என்று கத்தினேன்.

“வரலைன்னா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? புளி கரைச்சு வச்சுட்டேன்!” என்று சமையலறையிலிருந்து என் மனைவி மோகனா பதிலுக்குக் கத்தினாள்.

“அய்யோ அம்மா, இது சராசரிம்மா! இங்கிலீஷ்ல மீன்” என்றாள் எங்கள் மகள் எழிலரசி. காட்பாடியில் புள்ளியியல் படிக்கிறாள். எனக்கு ‘ஆர்’ என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறாள், பாவம்.

எல்லாம் எங்கள் முதலாளி ஜியாவுல்லா கிளப்பிவிட்டது. ஆம்பூரில் அவருடைய தோல் கம்பெனியில் செலக்‌ஷன் டேபிளில் நிற்பவன் நான். தோலைப் புரட்டிப் பார்த்து, சாக்பீஸால் மேலே ஓர் எழுத்துப் போட்டு, தரம் பிரிப்பேன்.

போன மாதம் ரிஜெக்ட் தோல் நல்ல தோலோடு கலந்து வெளிநாடு போய், லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. லேப்டாப்போடு வந்த மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முதலாளி எங்களைப் பிடிபிடியென்று பிடித்தார்.

“பேஜாரா போச்சுய்யா! இனிமே ஆர் கரெக்டா தெரிஞ்சவன்தான் எனக்கு சூப்பர்வைசர்!”

நான் அந்த லேப்டாப்பைப் பார்த்தேன். நேராக வீட்டுக்கு வந்து மகளிடம் ஆர் என்றால் என்னவென்று கேட்டேன். நின்று நின்று என் காலில் நரம்பு சுருண்டுகிடக்கிறது. கம்பெனியில் சூப்பர்வைசருக்கு மட்டும்தான் நாற்காலி உண்டு.

ஆனால் மண்டையில் ஏறினால்தானே! அடைப்புக்குறியை மூட மறந்தால் அந்த ஆர் ஒரு கூட்டல் குறியைக் காட்டிவிட்டுக் காத்திருக்குமாம். நானோ கூட்டச் சொல்கிறது என்று நினைத்து இன்னும் நாலு எண்ணைத் தட்டிவைத்தேன். எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். கீபோர்டு முழுக்க என் சாக்பீஸ் தூள் வேறு.

“இப்போ ஒரு கட்டத்தைக் காலியா விட்டுட்டேப்பா. அதான் சராசரி வரல, என்.ஏ.ன்னு வருது.”

எனக்கு அது ‘இன்னா, இன்னா’ என்று என்னையே கேட்பதுபோல் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு மீன் இல்லாத குழம்பைச் சாப்பிட்டேன்.

மறுநாள் முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

“ஆர் நல்லா தெரிஞ்சவன் யாருய்யா?”

பக்கத்து டேபிள் நவீன்குமார் சட்டென்று கையைத் தூக்கினான். முதலாளி அவனைக் கண்டுகொள்ளவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“சம்பத், நீ?”

அந்த நாற்காலி கண்முன்னே வந்து போனது. பொய் சொல்லத்தான் வாய் வரவில்லை.

“எனக்கு ஆர் சுத்தமா வராது மொதலாளி. எவ்ளோ முட்டினாலும் ஏறமாட்டேங்குது.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்போ நவீன்குமாரே சூப்பர்வைசரா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வயிற்றெரிச்சலோடு நவீன்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “எங்கடா கத்துக்கினே?”

“கிண்டல் பண்றீங்களாண்ணே? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க!”

கொழுப்பைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் வாசல்வரை போன முதலாளி மனசு கேட்காமல் திரும்பி வந்தார்.

“ஏன்யா சம்பத், அப்போ இத்தன வருஷமா ரிஜெக்ட் தோல் மேல நீ போட்டது இன்னா எழுத்துய்யா?”