எருக்குழியில் கிடைத்த தகடு

"ஆரு வெச்சதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகோணுமுங்க" என்று வாழையிலையில் அந்தத் தகட்டை வைத்தாள் நாச்சம்மாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். குறுக்கும் நெடுக்குமாகச் செம்புக் கோடுகள், கோடு முடிகிற இடமெல்லாம் புள்ளிகள், ஓரத்தில் தமிழிலும் சேராத மலையாளத்திலும் சேராத எழுத்துகள்.

குப்பண்ணன் பூசாரி அதைத் தொடவில்லை. செய்வினை எடுப்பதில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். மஞ்சள் ஏறிப்போன விரல்களால் தாடியைத் தடவிக்கொண்டு, "இது எங்கீங்க கெடைச்சுது?" என்றார்.

"மாட்டுச்சாளைக்குப் பொறத்தால, எருக்குழிலீங்க. செவலை மாடு செத்து மூணு நாளாகுது. அன்னைக்குச் சாளைப் பக்கம் போனவ இவ ஒருத்திதான்."

'இவ' என்றது மூத்த மருமகள் சித்ராவை. அவள் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய துணிமணியை ஒரு பையில் திணித்து தங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து காரிலேயே கொண்டுவந்திருந்தாள் மாமியார். பூசாரி தலையாட்டினால் போதும், அப்படியே பொள்ளாச்சிக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

இளைய மருமகள் யோகப்பிரியா பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தத் தகட்டைச் செய்தவள் அவள்தான்.

செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு சர்க்யூட் போர்டு. பாலிடெக்னிக்கில் தொற்றிய பழக்கம், கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை.

பளபளப்புக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, செம்பு ஒட்டிய பலகைமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, வேண்டாத செம்பைக் கரைக்கும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தாள். எடுத்துப் பார்த்தால் கோடும் எழுத்தும் இடவலம் மாறி விழுந்திருந்தன. எரிச்சலில் எருக்குழியில் வீசிவிட்டாள்.

இப்போது வாயைத் திறந்து சொல்ல முடியாது. போன மாதம் அந்த மருந்து சிந்திப் புது டைல்ஸ் தரை கறையானபோதே மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இன்னொருக்கா இந்த வேலையப் பாத்தீன்னா உங்கப்பனூட்டுக்கே போயிரு."

பூசாரி தகட்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். நாச்சம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது வெளிய வாங்கினது இல்லீங்க. ஊட்டுக்குள்ளயே செஞ்சது" என்றார்.

நாச்சம்மாளுக்கு அவ்வளவு போதும். பையைத் தூக்கிச் சித்ராவின் மடியில் போட்டாள். "எந்திரி."

"சாமி சத்தியமா எனக்கொண்ணும் தெரியாதுங்க அத்தை" என்றாள் சித்ரா. யோகப்பிரியா அவளுக்கும் மாமியாருக்கும் நடுவே வந்து நின்றாள். டைல்ஸ் கறையான அன்றைக்குக் கூடவே மண்டிபோட்டு ராத்திரிவரை தேய்த்துக் கொடுத்தவள் சித்ரா.

"அக்காவை விடுங்க அத்தை. நாந்தான் செஞ்சேன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. நாச்சம்மாள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். சித்ராகூடச் சட்டென்று தள்ளி உட்கார்ந்தாள்.

"நீயா செஞ்சு வெச்சே? நம்மூட்டுக்கா?"

"அப்பிடியில்லீங்க அத்தை, அது வந்து..." வாய் குழறியது. இஸ்திரிப் பெட்டி, மருந்துத் தண்ணி, செம்பு என்று எதைச் சொன்னாலும் செய்வினைச் சாமான் பட்டியல் மாதிரியே இருந்தது. இனி இந்த வீட்டில் யார் அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்?

"இவள என்ன பண்றதுங்க பூசாரி? நீங்களே சொல்லுங்க" என்றாள் நாச்சம்மாள்.

குப்பண்ணன் எழுந்து வந்து யோகப்பிரியாவின் முன்னால் நின்றார். தகட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மிரர் பண்ணாமப் பிரிண்டு எடுத்துட்டியே கண்ணு, எம்பட மொதப் போர்டும் இப்பிடித்தான் வீணாப்போச்சு."