ரோட்டோரப் புள்ளிகள்

முருகேஸ்வரி போனில் இருந்த மேப்பை விரலால் பெரிதாக்கினாள். சிவப்புப் புள்ளிகள் அப்படியேதான் இருந்தன.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு தொழுவம். தோலெல்லாம் கட்டி கட்டியாகப் புடைத்து, தீனி எடுக்காமல் நிற்கும் ஒரு மாடு. நேரில் போய்ப் பார்த்து அவளே குறித்தவை.

மாட்டாஸ்பத்திரியில் அவளுக்குத் தற்காலிக வேலை. நோய் அடுத்து எந்த ஊருக்கு வரும் என்று இன்றைக்குள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இருக்கிற தடுப்பூசி ஓர் ஊருக்குத்தான் காணும்.

கொசு கடித்துப் பரவுகிறது என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியானால் தண்ணீர் தேங்கும் இடத்தில் அல்லவா புள்ளி இருக்க வேண்டும்? ஓடைக்கரையில் ஒன்றுமில்லை. சதசதவென்று ஈரம் நிற்கும் ஏலக்காட்டிலும் ஒன்றுமில்லை.

போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம். நோய் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை.

கொசுவுக்கு ரோடு எதற்கு?

போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். தப்பாகக் குறித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மனதுக்குள் மறுபடி போய் வந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் புரியவில்லை.

அருண்பாண்டி வந்துவிட்டான். தேயிலை ஃபேக்டரி மூடியதிலிருந்து சும்மா இருந்த கணவன், இப்போதுதான் ஒருவருடைய மினிலாரியை ஓட்டுகிறான். கிடைத்த லோடை ஏற்றுவான்.

சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவன் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“ஏ முருகு, நான் மாடு எறக்குன ஊரையெல்லாம் எதுக்குக் குறிச்சு வச்சிருக்க?”

அவள் நிமிர்ந்தாள்.

“ஏலப்பாறைய விட்டுட்டியே. இன்னைக்கு அங்கதான் எறக்குனேன். தார்ப்பாயத் தூக்குனா உள்ள அம்புட்டுக் கொசு. மொகத்தப் பிடுங்கிருச்சு.”

ஏலப்பாறையில் இதுவரை ஒரு மாட்டுக்கும் நோய் இல்லை.

முருகேஸ்வரி வாசலுக்குப் போய் டாக்டரை அழைத்தாள்.

“சார், ஊசிய ஏலப்பாறைக்குக் கொண்டு போயிருவோம். அடுத்து அங்கதான் வரும்.”

“அதெப்படிம்மா இவ்வளவு உறுதியா சொல்றே?”

உள்ளே அருண்பாண்டி, ரசம் எங்கே என்று கேட்டான்.

“இருங்க, சொல்றேன்” என்றாள்.

யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.