மழை கேட்கும் கூரை

கூரைக் கடை வாசலில் அட்டை போல மெத்தென்ற கறுப்புத் தார் ஓடு ஒன்றும் நீலத் தகடு ஒன்றும் செங்கல் முட்டுக்கொடுத்து வெயிலில் கிடக்கின்றன. போன புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் குடும்பம் நடத்துகிறவள் இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்க்கிறாள். "ரெண்டுமே காத்துக்குத் தாங்கும்மா. ஓட்டுக்கு நாலு ஆணி அடிக்கிற இடத்துல ஆறு அடிச்சுடுவோம், தகட்டுக்கு ஓரமெல்லாம் திருகாணி. ஆனா ஓடு போட்டீங்கன்னா மழை பெய்யறதே தெரியாது" என்கிறார் கடைக்காரர். அவளுக்கு அங்கேதான் உதைக்கிறது. கப்பல் வேலைக்குப் போய்ப் பதினாலு மாதமான கணவன், எந்தத் துறைமுகத்திலிருந்து பேசினாலும், இங்கே மழை என்றால் போனை உத்தரத்துப் பக்கம் பிடிக்கச் சொல்வான். பிறகு மழையைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் அவனை அழைத்து, "கேளுங்க" என்று மட்டும் சொல்லி, போனை ஓட்டருகே நீட்டுகிறாள். "அண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்." கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, புழுதிக்குத் தெளிக்கிற வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு ஓட்டின்மேல் ஊற்றுகிறார். தார் ஓடு சத்தமில்லாமல் நனைகிறது. "லைன் கட்டாயிடுச்சா?" என்கிறது போன். அடுத்த குவளையை அவர் உயரத் தூக்கித் தகட்டின்மேல் விசிறுகிறார். சடசடவென்று விழுந்த துளிகள் நீலத்தில் உருண்டோடி விளிம்பில் சொட்டுகின்றன. போனில் மூச்சு மட்டும் கேட்கிறது. சொட்டும் ஓய்ந்தபின் அவன் மெல்லக் கேட்கிறான், "விட்டுடுச்சா?" அவள் கொளுத்துகிற வெயிலைப் பார்க்கிறாள். "இல்லங்க, இன்னும் பெய்யுது." கடைக்காரர் வாளியையே தூக்குகிறார்.