எட்டாவது வாரம்

திருவொற்றியூரில் பொழுது சாய்கிறது. கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்கிறது. கழுவித் துடைத்த முகத்தோடு கார்குழலி கண்ணாடி முன் நிற்கிறாள். விரல் நுனியில் பட்டாணியளவு பரு ஜெல். முதல் மாதம் தோல் உரிந்து எரிந்தது. வெயிலுக்குப் பயந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தாள். எட்டாவது வாரமான இப்போதுதான் கன்னம் தெளிகிறது. போன மாதம் சரக்குக் கப்பலில் கிளம்பிப்போன கணவன் ஜெயவேல் திரும்பும்போது பார்க்கட்டும் என்றுதான் இத்தனையும். ஆனால் சற்றுமுன் பார்த்த பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள். அவள் கிளினிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்திருக்கிறாள்.

“முழுகாம கீறன்னா அந்த ஜெல்ல இன்னியோட நிறுத்திடும்மா,” என்கிறாள் நர்ஸ். “இதுவரைக்கும் போட்டதுக்கு பேஜாராவாத. காலைல வந்து டாக்டரம்மாவப் பாரு.”

கார்குழலி விரலைத் துணியில் அழுத்தித் துடைக்கிறாள். பிறகு கணவனுக்குக் குரல் பதிவு அனுப்புகிறாள்.

“யோவ், பரு திரும்பி வந்தாலும் வரும். பரவால்ல. நாம மூணு பேராய்ட்டோம்யா. கேக்குதா?”

ஒற்றை டிக் விழுகிறது. கப்பல் கரை தொட்டு அவனுக்கு சிக்னல் கிடைக்க இன்னும் ஒன்பது நாள் ஆகும். விளக்கைப் போடாமல், அவள் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.