ஐயாயிரம் வாள்

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைக் கண்டால் கள்ளக்குறிச்சி திருமாறனுக்கு இளக்காரம். “அதுக்குத்தான் மேக்ரோ இருக்குதேங்க” என்று கல்யாணப் பந்தியில்கூட வகுப்பெடுப்பார். இத்தனை ஞானமும் ஆன்லைன் விளையாட்டில் வாள் செய்து குவிப்பதற்குத்தான்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு, ஒருமுறை செய்ததைக் கம்ப்யூட்டரே திரும்பத் திரும்பச் செய்யும்படி, தன் கிளிக்குகளை மேக்ரோவில் பதிவு செய்தார். இரும்பை எடு, உலையில் வை, அடி. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவி அபிநயா காபி கொண்டுவந்து வைத்தாள்.

“இன்னா மொதலாளி, பட்டறைய மூடிட்டுக் குடிங்க. ஆறிப்போவுது.”

“வெச்சிட்டுப் போ, வந்துக்கினே இருக்கேன்.”

பதிவை முடித்து, ஐயாயிரம் தடவை என்று போட்டு ஓடவிட்டார். முதல் வாள் தயாரானது. அபிநயா காபியோடு வந்தாள்.

“இன்னா மொதலாளி, பட்டறைய மூடிட்டுக் குடிங்க. ஆறிப்போவுது.”

‘இப்பதானே குடுத்தே?’ என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். “வெச்சிட்டுப் போ, வந்துக்கினே இருக்கேன்” என்றார்.

ஏழாவது வாளில் பயந்துபோய் மேக்ரோவை நிறுத்தினார். கம்ப்யூட்டரை அணைத்தார். வயரையும் பிடுங்கினார். வாள் நின்றுவிட்டது. காபி நிற்கவில்லை.

அந்த வீட்டில் இருப்பதே ஆறு டம்ளர். மேஜையில் இப்போது பத்தொன்பது இருந்தன. எல்லாவற்றிலும் ஆவி பறந்தது.

இருபதாவதை வைத்தாள் அபிநயா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குரல் மட்டும் அதே கிண்டலோடு, “இன்னா மொதலாளி” என்று ஆரம்பித்தது.