முன் சீட்

"இருக்கிறதே ஒரு நாள் லீவு. இந்தத் தீவுல அப்படி என்னதான் இருக்கு?" என்று வீட்டுக்காரர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டார்.

அவள் படம் போட்ட சுற்றுலா நோட்டீஸை அவர் முன்னால் விரித்தாள்.

"மலை உச்சியில ஒரு கிராமம் இருக்காமே?"

"காத்து ஆளையே தூக்கிடும். உனக்குச் சளி பிடிக்கும்."

"இந்த மீனவர் ஊர்? வீடெல்லாம் கலர் கலரா அழகா இருக்கே."

"படத்துல நாத்தம் தெரியாது."

"பழைய துறைமுகம்?"

"நூத்தி நாற்பது படி. உன் முட்டி தாங்காது."

தொட்டதற்கெல்லாம் ஒரு நொட்டை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக இதே பாட்டுதான். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. நோட்டீஸின் கீழே இருந்த போன் நம்பரை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சுற்றுலா பஸ்ஸில், முன் சீட்டில், டிக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

வழிகாட்டி மைக்கோடு ஏறினார். ஆட்களை எண்ண ஆரம்பித்தவர் முதல் ஆளிலேயே நின்றுவிட்டார். அந்த வழிகாட்டி அவள் வீட்டுக்காரர்தான்.

"சார், மலைக் கிராமத்துல காத்து எப்படி?" என்று அவள் கேட்டாள். பஸ்ஸே பதிலுக்குக் காத்திருந்தது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பயணிகளிடம் தினமும் சொல்வதை மாற்ற முடியுமா?

"அந்தக் காத்துக்காகவே எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம், மேடம்."

"உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

அவர் மைக்கை வாயிலிருந்து இறக்கினார்.

"இன்னைக்குத்தாங்க, முதல் தடவையா."